ஜி.ஆர்.ஈ. ஆங்கில வாசிப்பும் சொல்வளமும்: மலையக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ பட்டம் முடித்துவிட்டு, வெளிநாட்டில் முதுமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஜி.ஆர்.ஈ. என்பது அந்தப் படிப்புகளுக்கான அனுமதிக்கு, முக்கியமாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் பொதுப் பரீட்சை. கணிதப் பகுதியை இங்கே தொடவில்லை. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்கள் அதைத் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள். ஆளைச் சாய்ப்பது வெர்பல் எனப்படும் ஆங்கிலப் பகுதிதான்.

எனக்கு ஜி.ஆர்.ஈ. உண்மையிலேயே தேவைதானா?

காசு கட்டுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஏராளமான துறைகள் இந்தப் பரீட்சையைக் கைவிட்டுவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. அதனால் பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. நீங்கள் சேர விரும்பும் பாடநெறியின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து, கட்டாயமா, விரும்பினால் அனுப்பலாமா, அனுப்பினாலும் பார்க்க மாட்டார்களா என்று ஒவ்வொன்றுக்கும் குறித்து வையுங்கள். ஆறு இடங்களில் ஒன்று மட்டும் கேட்கிறது என்றால், அந்த ஒன்றை மாற்றுவதே மலிவு. பரீட்சைக் கட்டணம் பெரும்பாலான நாடுகளில் 220 அமெரிக்க டொலர்.

'விரும்பினால்' என்று போட்டிருந்தால், பட்டத்தில் உங்கள் ஜி.பி.ஏ. சுமாராக இருக்கும்போது நல்ல ஜி.ஆர்.ஈ. புள்ளி கைகொடுக்கும். வகுப்புச் சித்தி ஏற்கெனவே உயர்வாக இருந்தால் அந்த நேரத்தை ஆராய்ச்சி நோக்க அறிக்கைக்குச் செலவிடுங்கள்.

பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் பொதுவாக இதைக் கேட்பதில்லை. எம்.பி.ஏ. என்றால் ஜிமேட் என்ற மாற்று வழியும் உண்டு. அதன் வெர்பல் பகுதி 45 நிமிடத்தில் 23 வினாக்கள். வாசிப்பும் தர்க்கமும் மட்டும்தான், சொல்வள வினாவே கிடையாது. எந்தப் பரீட்சை எழுதினாலும் ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை தனிக் கணக்கு. ஜி.ஆர்.ஈ. அதற்குப் பதிலாகாது. சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், ஆங்கில மொழிமூலம் பட்டம் பெற்றதாகப் பதிவாளர் தரும் கடிதத்தைக் காட்டினால் டோஃபலிலிருந்து விலக்குத் தருகின்றன. கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

இப்போது பரீட்சை எப்படி இருக்கிறது?

ஜி.ஆர்.ஈ.யை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் 2023 செப்டெம்பர் 22 முதல் பரீட்சையைச் சுருக்கிவிட்டது. முழுவதும் சேர்த்து 1 மணி 58 நிமிடம், நடுவில் இடைவேளை இல்லை. முதலில் 30 நிமிடக் கட்டுரை ஒன்று. வெர்பல் இரண்டு பிரிவுகளாக வரும்: ஒன்றில் 18 நிமிடத்துக்கு 12 வினாக்கள், மற்றதில் 23 நிமிடத்துக்கு 15 வினாக்கள். மொத்தம் 27. புள்ளி 130இலிருந்து 170 வரை. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு எழும்ப வேண்டாம்.

முதற்பிரிவை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களோ அதற்கேற்ப இரண்டாம் பிரிவின் கடினம் கூடும், குறையும். இரண்டாம் பிரிவு கடினமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஒரு பிரிவுக்குள் வினாக்களைக் குறியிட்டுவிட்டு முன்னும் பின்னும் போகலாம். பிரிவு முடிந்தால் அதற்குத் திரும்ப முடியாது.

27 வினாக்களில் ஏறத்தாழப் பாதி வாசிப்பு. மிச்சம் இரண்டு வகை: இடைவெளி நிரப்பல்; ஒத்த பொருள் வாக்கியம், அதாவது ஒரே இடைவெளிக்கு ஆறு தெரிவில் வாக்கியத்துக்கு ஒத்த பொருள் தரும் இரண்டைத் தெரிவுசெய்வது. சொற்பட்டியலை மட்டும் மனனம் செய்துகொண்டு போகிறவர்கள் பாதிப் பரீட்சைக்குத்தான் படித்திருக்கிறார்கள்.

அண்ணா ஒருவர் தன் பழைய ஜி.ஆர்.ஈ. புத்தகத்தைத் தந்தார். அதை வைத்துப் படிக்கலாமா?

உள்ளே எந்த வகை வினாக்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எதிர்ச்சொல் தெரிவு, 'மருத்துவர் : நோயாளி' மாதிரியான சோடி வினாக்கள், 800 வரை போகும் புள்ளி: இவை இருந்தால் புத்தகம் 2011 ஆகஸ்டுக்கு முந்தியது. வாசிப்புப் பந்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஒரு வெர்பல் பிரிவுக்கு 20 வினா, 30 நிமிடம் என்றிருந்தால் அது 2011க்கும் 2023க்கும் இடைப்பட்டது. வினா வகைகள் இன்றும் அவையேதான், தாராளமாகப் பயன்படுத்தலாம். நேரக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை சொல் பாடமாக்க வேண்டும்?

ஈ.டி.எஸ். எந்தச் சொற்பட்டியலையும் வெளியிடுவதில்லை. சந்தையில் உலாவும் 3,000, 4,000 சொல் பட்டியல்கள் எதிர்ச்சொல் வினா இருந்த காலத்துப் பழக்கம். இன்றைய வினாக்களில் சொல் வாக்கியத்துக்குள் வருகிறது. 800இலிருந்து 1,000 சொல்லை முழுதாக அறிந்திருப்பது, 3,000 சொல்லை முகம் பார்த்த பழக்கத்தில் வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். நாளுக்கு 12 சொல் என்றால் 12 வாரத்தில் 1,008.

எந்த 1,000? ஒரு பட்டியலை எடுத்து ஒவ்வொரு சொல்லையும் மூன்றில் ஒரு குவியலில் போடுங்கள்: தெரியும், தெரியாது, தெரிந்த மாதிரி. பத்து விநாடிக்குள் அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாவிட்டால் அது மூன்றாம் குவியல். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தெரியாத சொல்லைக் கண்டால் எச்சரிக்கையாக இருப்போம். தெரிந்த மாதிரியான சொல்தான் நம்பிக்கையோடு பிழையான விடையைத் தெரிவுசெய்ய வைக்கும்.

ஆங்கில – தமிழ் அகராதி போதாதா?

தொடங்கப் போதும். இரண்டு இடத்தில் கைவிட்டுவிடும்.

ஒன்று, சொல்லின் சாய்வு. 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டுக்கும் அகராதி 'சிக்கனமான' என்று போட்டுவிடக்கூடும். முதலாவது பாராட்டு. இரண்டாவது, கஞ்சன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. வாக்கியம் ஒருவரைப் புகழ்கிறதா இகழ்கிறதா என்பதில்தான் இடைவெளி வினா நிற்கும். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கூட்டலோ கழித்தலோ பூச்சியமோ ஒரு குறி போடுங்கள்.

மற்றது, சாதாரண சொல்லின் இரண்டாம் பொருள். பரீட்சை தயாரிப்பவர்களுக்கு இது மிகவும் பிடித்த இடம். 'டெம்பர்' என்றால் தணித்தல், 'செக்' என்றால் தடுத்தல், 'ஃபிளாக்' என்றால் சோர்ந்துபோதல், 'பெடெஸ்ட்ரியன்' என்றால் உப்புச்சப்பில்லாத. 'சாங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தண்டனையையும் குறிக்கும்; எதுவென்று வாக்கியம்தான் சொல்லும். 'குவாலிஃபைட் ப்ரெய்ஸ்' என்று வந்தால் தகுதியுள்ளவர் தந்த பாராட்டு என்று எடுத்துவிடாதீர்கள், அது 'ஆனால்' சேர்த்துச் சொன்ன அரைப் பாராட்டு. ஒலி ஒன்றாய் எழுத்து வேறாய் வரும் சோடிகளும் உண்டு. 'டிஸ்க்ரீட்' என்பதில் இரண்டு 'ஈ' எழுத்தும் சேர்ந்து நின்றால் வெளியில் சொல்லாத, அடக்கமான. நடுவில் 'டி' புகுந்து அவற்றைப் பிரித்தால் தனித்தனியான.

முதல் மாதத்துக்குப் பிறகு ஆங்கில – ஆங்கில அகராதிக்கு மாறுங்கள். கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதிகள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் உதாரண வாக்கியங்கள்தான் பெறுமதி.

சொல்லை மறக்காமல் வைத்திருக்க என்ன வழி?

இடைவெளி விட்டு மீட்டல். இன்று படித்ததை நாளை, பிறகு மூன்று நாளில், ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில், ஒரு மாதத்தில் திரும்பப் பார்ப்பது. இந்தக் கணக்கை 'ஆங்கி' என்ற செயலி தானே பார்த்துக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் மட்டும் காசு. ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும் என்பதால், மேல் டிவிஷனில் இருப்பவர்களுக்கு இதுதான் தோது.

அது நாளுக்கு 20 புதிய அட்டை தரும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதை 12ஆகக் குறைத்துவிடுங்கள். 12 வைத்தாலே ஒரு மாதத்தில் தினசரி மீட்டல் நூறு அட்டைக்கு அருகில் வந்துவிடும், அதற்கு அரை மணி நேரம் வேண்டும். 20 என்றால் மூன்றாவது வாரத்தில் மூச்சு முட்டும். இங்கேதான் அனேகர் விழுகிறார்கள்: வீட்டில் ஒரு விசேஷம், நான்கு நாள் தொடவில்லை, திறந்தால் 400 அட்டை காத்திருக்கிறது, மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் புதிய அட்டையைப் பூச்சியம் ஆக்கிவிட்டு, தேங்கியதை நாளுக்கு 100ஆகக் கரைத்து முடித்த பின் மறுபடி புதியதைத் திறவுங்கள்.

அட்டையின் முன்பக்கம் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். பின்பக்கம் உங்கள் சொந்தத் தமிழில் பொருள், சாய்வுக் குறி, ஒத்த சொல் ஒன்று, எதிரான சொல் ஒன்று. அடுத்தவர் செய்த அட்டைக் கட்டை இறக்குவது நேரத்தை மிச்சம் பிடிக்கும்தான், ஆனால் அட்டையைச் செய்யும்போதே பாதி மனத்தில் பதிந்துவிடுகிறது. ஃபோன் இல்லாவிட்டால் பழைய கொப்பி மட்டைகளை வெட்டி ஐந்து கட்டாகப் பிரியுங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த கட்டுக்கு நகரும், பிழைத்தால் முதற்கட்டுக்கே திரும்பும்.

வேர்ச்சொல் படித்தால் எல்லாச் சொல்லும் வந்துவிடும் என்கிறார்களே?

கொஞ்சம் உதவும். 'லொக்' என்ற வேர் பேச்சைக் குறிப்பது தெரிந்தால் 'எலொக்குவன்ட்', 'லொக்குவேஷியஸ்', 'கொலோக்குவியல்' ஒரே பிடியில் வரும். முப்பது நாற்பது வேர் போதும். அதற்கு மேல் போய் வேரை நம்பினால் ஆபத்து. 'எனர்வேட்' தெம்பூட்டுவது போல ஒலிக்கும், பொருள் தெம்பை உறிஞ்சுவது. 'நொய்சம்' என்பதில் சத்தம் இல்லை, நாற்றம்தான் உண்டு. 'ரெஸ்டிவ்' என்றால் ஓய்வாக இல்லை, அடங்காமல் துடிக்கிறது.

இடைவெளி நிரப்பலில் எல்லா விடையும் பொருந்துவது போலவே தெரிகிறது. ஏன்?

விடைகளை முதலில் பார்ப்பதால். கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை வாசியுங்கள். இடைவெளியின் பொருளை முடிவுசெய்யும் துப்பு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடித்து, இடைவெளியில் உங்கள் சொந்தச் சொல் ஒன்றைப் போடுங்கள். தமிழிலேயே போடலாம், 'ஏதோ கெட்டது' என்றுகூடப் போடலாம். பிறகு கையை எடுத்து, அதற்கு நெருங்கியதைத் தெரியுங்கள். துப்பு எதுவென்று விரல் வைத்துக் காட்ட முடியாத விடை வெறும் ஊகம்.

இரண்டு மூன்று இடைவெளி இருந்தால் முதலாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. மிகத் தெளிவான துப்பு உள்ள இடைவெளியை முதலில் நிரப்புங்கள், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும். பகுதிப் புள்ளி கிடையாது, எல்லா இடைவெளியும் சரியாக இருந்தால்தான் புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்தால் ஓர் இடைவெளிக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு, இரண்டுக்கு ஒன்பதில் ஒன்று, மூன்றுக்கு இருபத்தேழில் ஒன்று. நேரம் போதாவிட்டால் எதைக் கைவிடுவது என்பது இதிலேயே தெரிகிறது.

ஒத்த பொருள் வாக்கியத்தில் இரண்டு ஒத்த சொல்லைத் தேடினால் போதுமா?

போதாது, அதற்கென்றே பொறி வைத்திருப்பார்கள். இந்த மாதிரியைப் பாருங்கள், வாக்கியத்தைத் தமிழிலேயே தருகிறோம்:

'ஏலத்தில் தேயிலை விலை ஏறியதும் தரகர்கள் துள்ளிக் குதித்தனர். தோட்ட முகாமையாளரின் அறிக்கையோ அதற்கு நேர்மாறாக _____ தொனியில் இருந்தது.'

தெரிவுகள்: எபுலியன்ட், சப்டியூட், வெர்போஸ், எக்ஸ்யூபரன்ட், ரெஸ்ட்ரெயின்ட், ஆக்யுரேட்.

எபுலியன்ட், எக்ஸ்யூபரன்ட் இரண்டும் பொங்கும் உற்சாகம், அழகான சோடி. 'துள்ளிக் குதித்தனர்' என்பது மனத்தில் நிற்பதால் கை அங்கேதான் போகும். ஆனால் 'அதற்கு நேர்மாறாக' என்ற துப்பு அடங்கிய தொனியைக் கேட்கிறது. ஆகவே சப்டியூட், ரெஸ்ட்ரெயின்ட். வெர்போஸ், ஆக்யுரேட் இரண்டுக்கும் சோடியே இல்லை, பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே புள்ளி. ஊகித்தால் பதினைந்தில் ஒரு வாய்ப்பு.

பந்தியை மூன்று முறை வாசித்தாலும் மண்டைக்குள் ஏறுவதில்லை. சொல் எல்லாம் தெரிந்த சொல்தான்.

சொல் தெரிந்தும் பொருள் பிடிபடாவிட்டால் பிரச்சினை வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வந்துவிடும்: 'நேற்று ஹட்டனில் பஸ் ஏறிய ஆசிரியை'. வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்து வைக்கும். ஆங்கிலத்தில் ஆசிரியை முதலில் வருவார், அவரைப் பற்றிய நான்கு வரி வால் பின்னால் தொங்கும், பிறகுதான் அவர் செய்த வினை வரும். அந்த வினையை அடையும்போது எழுவாய் யாரென்பது நமக்கு மறந்துபோயிருக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு, சலிப்பானது, பலிக்கும். தினம் பத்து நீண்ட வாக்கியம் எடுங்கள். இரண்டு காற்புள்ளிகளுக்கோ இரண்டு கோடுகளுக்கோ இடையில் இருப்பதைப் பென்சிலால் அடைப்பில் போடுங்கள். மிஞ்சியதில் எழுவாய், வினை, செயப்படுபொருள் மூன்றையும் கொப்பியில் தமிழில் ஒரே வரியாக எழுதுங்கள். பிறகு அடைப்பைத் திறந்து வாலை வாசியுங்கள். முழு வாக்கியத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம். பரீட்சையில் அதற்கு நேரம் கிடைக்காது.

அடுத்தது பந்தியின் போக்கு. பரீட்சைப் பந்திகளில் பெரும்பாலானவை ஒரு வழமையான கருத்தைச் சொல்லி, 'ஹவ்எவர்', 'யெட்' போன்ற ஒரு திருப்பத்தில் அதை மறுக்கவோ திருத்தவோ செய்யும். நம்மூர் விஷயத்தை வைத்து ஒரு மாதிரி:

'இலங்கையில் தேயிலை தொடங்கியதற்குக் காப்பி இலைநோயே காரணம் என்பது வழமையான கூற்று. 1869இல் கண்டறியப்பட்ட அந்நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது உண்மையே. எனினும் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். நோய் தேயிலையைப் பரப்பியது எனலாம். தொடக்கிவைத்தது எனல் பொருந்தாது.'

ஆசிரியர் எதை ஏற்பார் என்று வினா. தெரிவு ஒன்று: 'காப்பி நோய்க்கும் தேயிலைப் பரவலுக்கும் தொடர்பில்லை.' பிழை, கடைசி வரி தொடர்பை ஒப்புக்கொள்கிறது. திருப்பத்தைக் கண்டதும் ஆசிரியர் முழுதாக மறுக்கிறார் என்று முடிவெடுப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். தெரிவு இரண்டு: 'காப்பியைவிடத் தேயிலை இலாபகரமானது.' இருக்கலாம், பந்தி அதைச் சொல்லவில்லை. தெரிவு மூன்று: 'தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்.' வரலாற்று உண்மை, நம் வீட்டுக் கதை, ஆனால் பந்திக்கு வெளியே. தெரிந்த விஷயம் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தெரிவு நான்கு: 'இலைநோய் கண்டறியப்படுமுன்பே தேயிலை நடப்பட்டிருந்தது.' 1867, 1869 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இது கிடைக்கிறது. இதுதான் விடை.

'உண்மையே' என்று வரும் வரியையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'கிராண்டட்', 'டு பி ஷுவர்', 'ஆல்தோ' என்று வருவதெல்லாம் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் சிறு விட்டுக்கொடுப்பு. ஆசிரியரின் சொந்த நிலைப்பாடு அதற்கு அடுத்தாற்போல்தான் வரும். வாசிக்கும்போது தாளில் மூன்று சிறு குறிப்புப் போடுங்கள்: மற்றவர் கருத்து, திரும்பும் இடம், ஆசிரியர் நிலைப்பாடு. விபரங்களைக் குறிக்க வேண்டாம், கேட்டால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

'பொருந்தும் எல்லாவற்றையும் தெரிக' என்று வருவதை எப்படிச் செய்வது?

மூன்று தெரிவு தருவார்கள். ஒன்றும் சரியாக இருக்கலாம், மூன்றும் சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனி 'சரி – பிழை' வினாவாக எடுத்து, பந்தியில் அதற்கு வரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் குழப்பம்தான்.

சிறு சொற்களால் பொருள் தலைகீழாகிறது என்கிறார்கள். எவை?

'எனிதிங் பட்' என்றால் சிறிதும் இல்லை. 'நதிங் பட்' என்றால் அது மட்டுமே. 'ஆல் பட்' என்றால் கிட்டத்தட்ட முழுதும். மூன்றிலும் இருப்பது ஒரே 'பட்'. 'எ லிட்டில்' கொஞ்சம் இருக்கிறது, 'லிட்டில்' இல்லை என்றே எடுங்கள். 'ஹார்ட்லி', 'ஸ்கார்ஸ்லி' மறுப்புகள். 'நொட் அன்லைக்' ஒத்திருப்பது. இவற்றையும் அட்டையில் போடுங்கள். அரிய சொல்லைவிட இவை அடிக்கடி வரும்.

நேரம் போதவே போதாது. எப்படிப் பங்கிடுவது?

சராசரி ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். ஆனால் சமமாகப் பங்கிட்டால் தோல்விதான். ஒத்த பொருள் வாக்கியத்துக்கு 45 – 50 விநாடி, இடைவெளி நிரப்பலுக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொண்டால் வாசிப்புக்கு வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடம் மிஞ்சும். முதற்பிரிவில் 9 நிமிடம் போனபோது ஏழாவது வினாவில் நிற்க வேண்டும். ஒரு வினாவில் இரண்டு நிமிடம் தாண்டினால் ஏதோ ஒரு விடையைத் தெரிந்து, குறியிட்டு, நகருங்கள். எல்லா வினாவுக்கும் ஒரே புள்ளி என்பதால் கடினமான ஒன்றோடு மல்லுக்கட்டுவதில் இலாபமில்லை.

எதை வாசிப்பது? எங்கே கிடைக்கும்?

செய்திக் கட்டுரை போதாது. உயிரியல், வரலாறு, கலை விமர்சனம், சமூகவியல் நான்கிலும் வாதம் உள்ள எழுத்து வேண்டும். உங்கள் பட்டத்துறையை விட்டுவிட்டு மற்றதை வாசியுங்கள். விஞ்ஞானப் பட்டதாரிகள் கலை விமர்சனத்தில்தான் தடுமாறுவார்கள், கலைப் பட்டதாரிகள் புவிச்சரிதவியல் பந்தியைக் கண்டதும் முகம் சுளிப்பார்கள். கண்டியில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் இருக்கிறது. பழைய மாணவர்கள் பேராதனை நூலகத்தின் அனுமதி விதிகளை விசாரித்துப் பார்க்கலாம். டேட்டா சிக்கனமாக வேண்டுமென்றால், வைஃபை கிடைக்கும் இடத்தில் வாரத்துக்கு ஐந்து நீண்ட கட்டுரையைச் சேமித்து வைத்து வீட்டில் வாசியுங்கள். ஆனால் பரீட்சை திரையில்தான் என்பதால் கடைசி மாதம் தாளை விட்டுத் திரையில் வாசித்துப் பழகுங்கள்.

பயிற்சி வினாவுக்கு ஈ.டி.எஸ். வெளியீடுகளையே நம்புங்கள். 'பவர்பிரெப்' என்ற பெயரில் இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகள் அவர்களுடைய தளத்தில் இலவசம். முதலாவதைத் தயாரிப்பு தொடங்கி ஒரு மாதத்தில் எழுதுங்கள், இரண்டாவதைப் பரீட்சைக்குப் பத்து நாளுக்கு முன் எழுதுங்கள்.

பாடசாலையில் படிப்பிக்கிறேன். மாலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எவ்வளவு காலம் வேண்டும்?

மூன்று மாதம். முதல் மாதம் சொல்லும் வாக்கியமும் மட்டும்: அட்டைக்கு 40 நிமிடம், வாக்கியப் பயிற்சிக்கு 30, மிச்சம் வாசிப்பு. வினாப் பயிற்சியை இந்த மாதம் தொட வேண்டாம். இரண்டாம் மாதம் வினா வகைகளை ஒவ்வொன்றாக, மணிக்கூடு இல்லாமல். மூன்றாம் மாதம் மணிக்கூட்டோடு, 12 வினா – 18 நிமிடம், 15 வினா – 23 நிமிடம் என்ற அதே அளவில்.

பிழைப் பதிவு ஒன்று வைத்திருங்கள். பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரி: சொல் தெரியவில்லை, துப்பைத் தவறவிட்டேன், பந்திக்கு வெளியே போனேன், நேரம் போதவில்லை. நாற்பது வரி சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். சொல் தெரியாததால் போனது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

டியூஷன் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. போவதென்றால் முதல் நாளே கேளுங்கள்: வகுப்பில் பந்தியைப் பிரித்துக் காட்டுவார்களா, பட்டியல் மட்டும் தருவார்களா என்று. பட்டியல்தான் என்றால் பஸ் காசு நட்டம்.

வீட்டிலிருந்து எழுதலாமா, கொழும்புக்குப் போவதா?

இரண்டும் முடியும். வீட்டுப் பரீட்சைக்கு மடிகணினி அல்லது மேசைக் கணினி வேண்டும், ஃபோனும் டேப்லட்டும் ஆகாது. கதவை மூடிய தனி அறை, ஒரே ஒரு திரை, அறையைச் சுற்றிக் காட்டக்கூடிய கெமரா வேண்டும். காதில் ஹெட்செட் போடக்கூடாது. சாதாரணத் தாளில் குறிப்பு எடுக்க முடியாது. அழித்து எழுதும் சிறு வெண்பலகையோ, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த தாளோ மட்டும்தான். இடையில் யாராவது அறைக்குள் வந்தால் பரீட்சை இரத்தாகலாம். லயத்தில் இரண்டு அறைக்குள் ஏழு பேர் இருக்கும் வீடென்றால் இதில் இறங்க வேண்டாம்; நகரத்தில் நண்பரின் வீட்டைக் கேளுங்கள்.

கரண்டும் மழையும் அடுத்த பிரச்சினை. ஹட்டன், வட்டவளை, நாவலப்பிட்டிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல். திகதியை இதைப் பார்த்துத் தெரியுங்கள், நேரத்தைக் காலையில் வையுங்கள். மடிகணினி மின்கலம் தாங்கினாலும் ரவுட்டர் அணைந்தால் எல்லாம் போயிற்று, அதற்கு ஒரு சிறு யு.பி.எஸ். வையுங்கள்.

நிலையத்தில் எழுதக் கொழும்புக்குப் போவதென்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். கினிகத்தேனையிலோ கடுகண்ணாவையிலோ மண்சரிந்து பாதை மூடினால், ஈ.டி.எஸ். உங்களுக்காகக் காத்திருக்காது. திகதி மாற்றுவதென்றால் பரீட்சைக்குக் குறைந்தது நான்கு நாளுக்கு முன் செய்ய வேண்டும்.

பெயரைப் பதிவதில் என்ன சிக்கல்?

நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னால் வரும், அதை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதிப் பழகியிருப்போம். ஈ.டி.எஸ். கணக்கில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, குடும்பப் பெயர்ப் பகுதியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே குடும்பப் பெயராகப் போடுங்கள், அது உண்மையில் உங்கள் சொந்தப் பெயராக இருந்தாலும் சரி. முதலெழுத்தாகச் சுருக்க வேண்டாம். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், கட்டணமும் போய்விடும். பிறப்புச் சான்றிதழிலும் பட்டச் சான்றிதழிலும் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் அதற்கான சத்தியக்கடதாசியைப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக இப்போதே எடுத்து வையுங்கள். கட்டணம் கட்டும் டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு புள்ளி நல்ல புள்ளி? திரும்ப எழுதலாமா?

வெர்பல் சராசரி 150ஐ ஒட்டியே நிற்கிறது. பொறியியல், கணினித் துறைகள் வெர்பலில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை; மானிடவியல், சட்டம் சார்ந்த துறைகள் 160ஐத் தாண்டுவதை விரும்பும். வெர்பல், கணிதம் இரண்டின் உத்தேசப் புள்ளியும் பரீட்சை முடிந்ததும் திரையிலேயே தெரியும். உத்தியோகபூர்வப் புள்ளி 8 – 10 நாளில் வரும். 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை எழுதலாம். எந்த முறைப் புள்ளியை அனுப்புவது என்பதை நீங்களே தெரிவுசெய்யலாம். பரீட்சை நாளன்று நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம், பட்டியலை முன்கூட்டியே வைத்திருங்கள். புள்ளி ஐந்து ஆண்டு செல்லும்.

இதே தயாரிப்பு ஐ.ஈ.எல்.டி.எஸ். வாசிப்புக்கும் போதுமா?

சொல்வளத்துக்குத் தாராளமாகப் போதும், முறைக்குப் போதாது. அங்கே 60 நிமிடத்தில் மூன்று நீண்ட பந்திகள், 40 வினாக்கள். ஆழமாக யோசிப்பதைவிட விரைவாக இடம் கண்டுபிடிப்பது முக்கியம். அதிகம் புள்ளி போகும் இடம் 'சரி – பிழை – சொல்லப்படவில்லை'. பந்தி மறுத்தால்தான் பிழை. பந்தி பேசாமல் விட்டால் 'சொல்லப்படவில்லை'. மேலே காட்டிய காப்பிப் பந்தியில் 'தேயிலை இலாபகரமானது' என்பது சொல்லப்படவில்லை, 'தேயிலையை முதலில் நட்டது 1869க்குப் பிறகு' என்பது பிழை. அதோடு அங்கே விடையைப் பல இடங்களில் நீங்களே எழுத வேண்டும். இரண்டு சொல்லுக்கு மேற்படாமல் என்றால் மூன்றாவது சொல் புள்ளியைக் கொண்டுபோய்விடும், எழுத்துப் பிழையும் அப்படித்தான். அந்தப் புள்ளி இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், இரண்டும் எழுதுவதாக இருந்தால் ஜி.ஆர்.ஈ.யை முதலில் முடித்துவிட்டு ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸை விண்ணப்பிக்கும் ஆண்டில் எழுதுங்கள்.